ரதிதேவி பிடித்த விரதங்கள்

சான்ட்ரிங்ஹாம், ஓக்லாந்து
16-2-1986

என் அன்பு மச்சாள் யோகராணிக்கு,

நானும் உன் அண்ணையும் இங்கே சுகமாக இருக்கிறோம். மாமியின் பிறஷரும் உன் தலையிடியும் இப்போது எப்படி என்று அறிய ஆவல்.

கடிதம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்ததைப் பார்த்து, உன்னோடு படிப்பிக்கிற ரீச்சர்மார் உனக்கு ஒரு மாப்பிள்ளை எழுதத் தொடங்கிவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். வீட்டுக்கு எழுதினால் மாமி உன்னை முன்னால் இருத்தி ஒரு எழுத்து விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்பா. பக்கத்து வீட்டு ஆனந்தராசா அண்ணையும் வேலிக்கு மேலால் கேட்பார். இது உனக்கு மட்டும். வாசித்ததும் கிழித்துவிடு.

நீ எனக்கு மச்சாள் ஆவதற்கு முன்பே என்னோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவள். உன் அண்ணையை எனக்குப் பேசி முடித்தவளும் நீதான். தாயிடமும் தமக்கையிடமும் சொல்ல முடியாததை மச்சாளிடம் சொல்லலாம் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு வசதி இருக்கிறது. அதைத்தான் இப்போது பாவிக்கிறேன்.

கார்த்திகை மாதத்திலிருந்து நான் ஒரு சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நீராவியில் அழுத்தி மடிக்கிற இடம். ஈரத் துணி நிறைந்த வண்டியை நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். கொழும்பில் சேலை கட்டிக்கொண்டு தட்டெழுதியவளுக்கு இங்கே நைலோன் காற்சட்டை. அளவு கேட்டவன் ஒரு ஆண் மேற்பார்வையாளன். அவனிடம் இடுப்பளவு சொல்ல வெட்கப்பட்டு, நீட்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு அளவு சிறிது. காலுக்கிடையில் தடித்த தையல் ஒன்று. வியர்வையும் நீராவியும் நடையும் சேர்ந்து, சொல்லக்கூடாத இடத்தில் உரசி உரசி எரிகிறது. வேலை முடிந்து பஸ்ஸில் இருக்கவும் ஏலாது, நிற்கவும் ஏலாது.

தை மாதம் டொக்டரிடம் போனோம். இவர்களுடைய ஆங்கிலம் எனக்கு இன்னும் காதில் ஏறவில்லை. அதனால் நான் தமிழில் சொல்ல, உன் அண்ணை ஆங்கிலத்தில் சொல்லுவார். டொக்டருக்கு அறுபது வயது இருக்கும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இடுப்புக்குக் கீழை, நடக்கேக்கை எரியுது எண்டு சொல்லுங்கோ" என்றேன். உன் அண்ணை ஏதோ சொன்னார். டொக்டர் என் முதுகைத் தட்டிப் பார்த்து, பூசுகிற தைலமும் குளிசையும் எழுதித் தந்தார். முதுகு இப்போது நல்ல சுகம். அதற்கு முதலும் சுகம்தான்.

நான் சொன்னது உன் அண்ணைக்கு விளங்கவில்லைப் போலிருக்கிறது. இரண்டாம் தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், ஏதும் தெரிந்தால் எழுது.

உன் மச்சாள்,
ரதி

கொண்டாவில்
20-3-1986

அன்பு ரதி,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மாவின் பிறஷர் உன் கடிதம் வந்தால் இறங்குகிறது, வராவிட்டால் ஏறுகிறது. எனக்குத் தலையிடி தருவது எட்டாம் வகுப்புத்தான்.

கிழிக்கச் சொன்னாய், கிழித்தேன். விஞ்ஞானத்தில் தவளையின் உடம்பு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். ஆனபடியால் பத்மாவதி ரீச்சரிடம் கேட்டேன். அவவின் மனிசன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிறவர். "ஒரு சினேகிதியின்ரை சினேகிதிக்கு" என்று தொடங்க, அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. இனிப் பள்ளிக்கூடத்தில் அந்த நோய் வருத்தம் எனக்குத்தான். போகட்டும், உனக்காகச் சுமக்கிறேன்.

சுத்தம் போதாததுதான் காரணமாம். கொதித்தாறின உப்புத் தண்ணீரில் காபோலிக் சவர்க்காரம் போட்டு, காலையும் மாலையும் நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டுமாம். ஈரம் துடைத்துவிட்டுப் பவுடர் போடவேண்டுமாம். பத்து நாளில் மாறிவிடும் என்றா.

ஆனால் ஒன்று, அண்ணையிடம் சொல்லு. கட்டின மனிசனுக்குச் சொல்லாமல் கடல் தாண்டி எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய். அவர் கோபக்காரன் இல்லை, உனக்குத் தெரியும்.

அன்புடன்,
யோகா

சான்ட்ரிங்ஹாம்
7-7-1986

அன்பு மச்சாளுக்கு,

குளிர் கடுமை. உன் அண்ணைக்குத் தடிமன் பிடித்து மாறிவிட்டது. அவர் இப்போது பஸ் ஓட்டுகிறார், சீருடையில் பார்த்தால் பொலிஸ்காரன் மாதிரி இருக்கிறார். மாமிக்குச் சொல்லு, சந்தோஷப்படுவா.

பத்து நாள் இல்லை, மூன்று மாதம் கழுவினேன். பல்லைக் கடித்துக்கொண்டு காலையும் மாலையும் தேய்த்தேன். சுத்தம் போதவில்லை என்றாயே, அதனால் ஒவ்வொரு முறையும் கூடத் தேய்த்தேன். இப்போது சிறுநீர் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். உன் மீது பிழை சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை, அதுதான் எழுதுகிறேன்.

மச்சாள் என்றபடியால் இதையும் எழுதுகிறேன். அவர் கிட்ட வந்தாலே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒருநாள் நோ தாங்காமல் அவருடைய கையைத் தட்டிவிட்டேன். "என்னப்பா?" என்று கேட்டார். என் வாயில் வந்தது, "இண்டைக்கு வெள்ளி, விரதம்." உடனே விலகிப் போய்ப் படுத்தார். அவ்வளவு சுலபமாக இருந்தது, யோகா. அடுத்த கிழமை செவ்வாயும் பிடித்தேன். பிறகு சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம். நீங்கள் அனுப்பிய பஞ்சாங்கக் கலண்டர் எனக்கு இப்படி உதவும் என்று யார் கண்டது! இப்போது சின்ன அறையில் சாமிப் படத்துக்குக் கீழே தனியாகப் படுக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அந்த இடத்தில் புண் என்றால், எப்படி வந்தது, யாரால் வந்தது என்று ஒரு ஆம்பிளை நினைக்கமாட்டானா? அவர் அப்படி நினைக்கிறவர் இல்லைத்தான். ஆனால் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டால், அந்த ஒரு நிமிஷத்தை நான் அவருடைய முகத்தில் பார்க்கவேண்டுமே. மாறட்டும், மாறின பிறகு ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று இருக்கிறேன்.

உன்,
ரதி

கொண்டாவில்
2-10-1986

அன்பு ரதி,

உன்னுடைய சுகத்தைப் பற்றிக் கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலில், கழுவுவதை நிறுத்து. பத்மாவதி ரீச்சரின் மனிசன் மருந்துதான் கலக்கிறவர், டொக்டர் இல்லை என்று எனக்கு முதலே தெரிந்திருக்கவேண்டும். அங்கே ஒரு பெண் டொக்டர் இல்லாமலா போய்விட்டார்? தேடிப் போ.

இங்கத்தைய கூத்தைக் கேள். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அண்ணை, "உங்கடை மருமகள் விரதத்துக்கு மேலை விரதம், வீட்டிலை எனக்குச் சாமியாரோடை சீவியம்" என்று பகிடியாக ஒரு வரி எழுதியிருந்தார். அம்மா அந்த வரியை ஊர் முழுக்கக் கொண்டு திரிகிறா. ஆவணி ஞாயிறும் புரட்டாதிச் சனியும் வெள்ளைக்காரன் நாட்டில் ஒரு பிள்ளை பிடிக்கிறாள் என்று கோயிலில் உன்னைப் பற்றித்தான் கதை. ஐயர் உன் பெயருக்கு அர்ச்சனை செய்து தந்த திருநீறு இதற்குள் இருக்கிறது, கொட்டாமல் பிரி.

இதைவிடப் பெரிய கதை, நீ பிள்ளை வரம் கேட்டுத்தான் பிடிக்கிறாய் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டா. பிள்ளைக்கு விரதம் பிடிக்கிறவள் தனி அறையில் படுத்தால் பிள்ளை ஆகாயத்தாலா வரும் என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. விழுங்கிக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. அண்ணையின் பகிடிக்குள்ளும் ஏதோ இருந்தது. சொல்லு, ரதி.

யோகா

சான்ட்ரிங்ஹாம்
11-1-1987

அன்பு யோகா,

உங்கள் எல்லோருக்கும் வரப்போகும் பொங்கலுக்கு எங்கள் அன்பு. திருநீறு கொட்டாமல் வந்தது. பூசினேன், பூசும்போது கை கூசியது.

கேதாரகௌரி இருபத்தொரு நாளும் பிடித்தேன். கணவனுக்காகப் பிடிக்கிற விரதத்தை அவரைத் தள்ளி வைக்கப் பிடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு திருவெம்பாவை. அவர் இப்போது பகிடி விடுவதில்லை. நான் குளித்துவிட்டு வந்தால், "இண்டைக்கு என்ன?" என்று மட்டும் கேட்பார். நான் சொல்லும் பெயரைக் கேட்டுத் தலையை ஆட்டுவார்.

நீ சொன்னபடி ஒரு பெண் டொக்டரைத் தேடிப் பிடித்தேன். டவுனில் பெண்களுக்கென்று இருக்கிற ஒரு கிளினிக். போனில் நானே கதைத்து நேரம் எடுத்தேன், நம்புவாயா? சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தரிப்பில் நின்றேன். பஸ் வந்தது. கதவு திறந்தால் ஓட்டுகிற இடத்தில் உன் அண்ணை! அன்றைக்கு அவருக்கு அந்த வழி இல்லை, சோதிலிங்கம் என்ற சினேகிதருக்குப் பதிலாக வந்திருக்கிறார். "எங்கை போறீர்?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்துப் பல மாதம். "கருவேப்பிலை வாங்க" என்றேன். "அதுக்கு ஏன் டவுனுக்கு? இஞ்சை முன்னுக்கே கடை இருக்கெல்லே" என்று, மூன்றாம் தரிப்பில் இந்தியன் கடைக்கு முன்னாலே பஸ்ஸை நிற்பாட்டி இறக்கிவிட்டார். கை காட்டிவிட்டுப் போனார். நான் கருவேப்பிலை வாங்கிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

திரும்ப நேரம் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

ரதி

கொண்டாவில்
25-2-1987

ரதி,

சுகமாயிரு என்று எழுதுவதில் அர்த்தமில்லை, சுகத்தைத் தேடிப் போ என்று எழுதுகிறேன்.

அண்ணை எனக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். என்ன எழுதினார் என்று கேட்காதே. பதில் போட்டுவிட்டேன்.

உனக்குப் பதிலாக நானே அவருக்குச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தரம் பேனையை எடுத்தேன். முடியவில்லை. உன்னோடு நான் என்னவும் கதைப்பேன், ஆனால் அவர் அண்ணை. நான் பெரியபிள்ளையான நாளிலிருந்து அவரும் நானும் ஒரு கதிரையில்கூடப் பக்கத்தில் இருந்ததில்லை. அவருக்கு நான் எப்படி இதை எழுதுவது? நீதான் சொல்லவேண்டும். கெதியாகச் சொல்லு.

யோகா

சான்ட்ரிங்ஹாம்
26-7-1987

என் அன்பு யோகா,

ஆறு மாதத்துக்கு மேல் எழுதாமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். ஊரில் நடக்கிற சண்டையால் மாமிக்கும் உனக்கும் ஒன்றும் இல்லையே? றேடியோவில் ஊரின் பெயர் வந்தால் நானும் அவரும் ஒரே நேரத்தில் எழும்பி வந்து நிற்கிறோம். இப்போது நாங்கள் ஒன்றாக நிற்பது அதற்கு மட்டும்தான்.

டொக்டரிடம் போனேன். போனேன் என்பது பொய், லோசா கொண்டு போனா. என்னோடு வண்டி தள்ளுகிற சமோவா நாட்டு மனிசி, என்னைப் போல இரண்டு மடங்கு. போன கிழமைக்கு முதல் கிழமை நான் காலை அகட்டி நடப்பதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, என்னைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் நேராகக் கேட்டா, "அங்கேயா நோகிறது?" யோகா, ஒரு மனித வாயிலிருந்து அதைக் கேட்டதும் நான் அந்த ஈரத் துணி மேலே விழுந்து அழுதேன். "அழுகை பிறகு, முதல் டொக்டர்" என்று, மேற்பார்வையாளனிடம் போய் எங்கள் இரண்டு பேருக்கும் அரை நாள் லீவு சொன்னா. கேட்கவில்லை, சொன்னா.

டொக்டர் பெண், என் வயதுதான். நான் வாய் திறக்காமல் அந்தத் துண்டை நீட்டினேன். அவ வாசித்துவிட்டு, கதவைச் சாத்தி, கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தா. பிறகு ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து எனக்கும் காட்டினா. முப்பத்திரண்டு வயதில் என்னுடைய உடம்பை நான் முதல்முதலாகப் பார்த்தேன். தோல் சிவந்து, உரிந்து, வெடித்துக் கிடந்தது. எவ்வளவு காலம் என்று கேட்டா. பத்தொன்பது மாதம் என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா, ஏசவில்லை.

பெரிய வருத்தம் ஒன்றுமே இல்லையாம். இறுக்கமான நைலோனும் தையலும் உரசித் தோல் புண்ணானது. அதற்கு மேலே சவர்க்காரமும் உப்பும் பவுடரும் போட்டு நான் அதை ஆறவிடவில்லை. இனி வெறும் தண்ணீர் மட்டும். பருத்தி உள்ளாடை, தொளதொளத்த பாவாடை, மெல்லிதாகப் பூச ஒரு களிம்பு. வேலைத்தலத்துக்கு ஒரு கடிதமும் தந்தா. ஆறு கிழமையில் மாறிவிடும், மாறும்வரை மனிசனோடு படுக்கவேண்டாம், ஆனால் ஏன் என்று அவரிடம் சொல்லு என்றா. இவ்வளவுதான் வைத்தியம். இதற்குத்தான் நான் ஒரு வருஷத்துக்கு மேல் பட்டினி கிடந்தேன்.

இப்போது பத்து நாள். நேற்று வேலையால் வரும்போது பஸ்ஸில் ஒழுங்காக இருந்தேன். முழுதும் மாறட்டும், அவரை முன்னால் இருத்தி எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். புண்ணோடு சொல்லப் பயம், மாறின பிறகு சொல்லலாம்.

உன்,
ரதி

சான்ட்ரிங்ஹாம்
20-9-1987

யோகா,

நீ ஓகஸ்ற்றில் எழுதிய இரண்டு வரி கிடைத்தது. "மாறும்வரை பார்த்திருக்காதே, இன்றைக்கே சொல்லு" என்று எழுதியிருந்தாய். நான் பார்த்திருந்தேன்.

உடம்பு மாறிவிட்டது. டொக்டர் திரும்பப் பார்த்து, நல்ல சுகம் என்று சொல்லி அனுப்பினா. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை, 11ஆம் திகதி, நான் நண்டு வாங்கிக் கறி வைத்தேன். வெள்ளியில் எங்கள் வீட்டில் மச்ச மாமிசம் சமைத்தால், விரதம் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்லாமலே அவருக்கு விளங்கும், அதிலிருந்து கதையைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். தலை குளித்து, நீ கல்யாணத்துக்குத் தந்த பச்சைச் சேலை கட்டிக்கொண்டு இருந்தேன்.

அவர் வந்தார். குசினிப் பக்கம் வரவில்லை. "சாப்பிட்டிட்டன்" என்றார். கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றாமலே, வெலிங்டனில் வேலை எடுத்திருப்பதாகச் சொன்னார். "நீர் உம்மடை பாதையிலை போம். நான் குறுக்கை நிண்டு பாவத்தைத் தேடேல்லை" என்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "சாப்பாடு கிடக்கு" என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். கல்யாணப் படத்தை எனக்கென்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இனி நான் சொன்னால் நம்பமாட்டார், அவரை மறிக்க இன்னொரு பொய் என்று நினைப்பார். நீ எழுது, யோகா. அண்ணை, தங்கச்சி என்று பார்க்காதே. வெலிங்டன் முகவரி கீழே இருக்கிறது. உன்னுடைய எழுத்தை அவர் நம்புவார்.

ரதி

கொண்டாவில்
19-1-1988

என் ரதிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அம்மாவும் நானும் உரும்பிராய்ச் சனம் முழுக்க வந்து நின்ற கோயிலில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தோம். குசினிப் பக்கம் ஷெல் விழுந்து கூரை இல்லை, மற்றப்படி வீடு இருக்கிறது.

உன் செப்ரெம்பர்க் கடிதம் எனக்கு இன்றைக்குத்தான் கிடைத்தது. ஐப்பசியில் இந்தியன் ஆமியோடு சண்டை தொடங்கியதும் பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டது. அதற்கு முதல்நாள் வந்த தபால் கட்டு அதிபரின் மேசை லாச்சிக்குள் அப்படியே கிடந்திருக்கிறது. வீட்டு முகவரிக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே என் கைக்கு வந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு கெட்டித்தனமாக ஒளித்தோம், பார்த்தாயா?

இனி நான் சொல்லவேண்டியது. போன வருஷம் தை மாதம் அண்ணை எனக்கு எழுதியிருந்ததைக் கேட்காதே என்றேன். அவர் எழுதியது இது. "ரதிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் உனக்குச் சொல்லியிருப்பாள். உள்ளதை எழுது. பிடிக்காதவளைக் கட்டி வைத்திருக்க எனக்கு மனமில்லை." நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? "அவள் பக்தியில் மூழ்கிவிட்டாள் அண்ணை, கொஞ்சக் காலம் அவள் போக்கில் விடுங்கோ." உன் இரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் பெருமை வேறு. அவர் கேட்ட கேள்விக்கு நான் இல்லை என்று எழுதவில்லை. அவரைப் போகவிட்டது நான்தான், ரதி.

இன்றைக்கு எழுதிவிட்டேன். "அண்ணை, ரதிக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேலாகப் பெண் உறுப்பில் தோல் உரிந்த புண் இருந்தது. வேலைக் காற்சட்டை உரசி வந்தது. கிட்ட வந்தால் நோகும் என்ற பயத்தில் விரதம் என்று சொன்னாள். இப்போது சுகம். உங்களை அவளுக்குப் பிடிக்கும், எனக்கு அது எப்போதும் தெரியும்." இந்த ஐந்து வரியை எழுத எனக்கு அரை நாள் சென்றது. தபால் கந்தோரில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. சாமி கும்பிடுகிற பெண்ணைத் தனிய விட்டுவிட்டுப் போனவன் எனக்குப் பிள்ளை இல்லை என்று அவருடைய படத்தைச் சுவரிலிருந்து இறக்கி வைத்திருக்கிறா. அவருடைய கடிதம் வந்தால் வாசிக்கவேண்டாம் என்கிறா. உனக்குப் பிள்ளை கிடைக்கவேண்டுமென்று அவவும் வெள்ளிக்கிழமை பட்டினி. ஊரும் உன் பக்கம்தான்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், என்னை வெறுக்காதே.

யோகா

வெலிங்டன்
13-3-1988

அன்புள்ள ரதிக்கு,

நீர் சுகமாயிருக்கிறீர் என்று யோகா எழுதியதில் அறிந்தேன். நான் இங்கே இருக்கிறேன்.

அவளுடைய கடிதம் வந்து ஒரு மாதம். அதை வாசிக்க நான் பட்ட வெட்கத்தைவிட, அவள் எழுதப் பட்டிருப்பாள். என்னுடைய தங்கச்சி எழுதுகிற அளவுக்கு வந்தபிறகு நானும் ஒளிக்கக்கூடாது.

டொக்டரிடம் போன அன்று நீர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்காமல் இல்லை. எந்த இடம் என்று முதலே விளங்கிவிட்டது. அந்த வெள்ளைக்கார மனிசனுக்கு முன்னால் என்னுடைய பெண்சாதியின் அந்த இடத்தை வாயால் சொல்ல எனக்கு நா எழவில்லை. முதுகு என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்தபிறகு உம்மிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு அது மாறியிருக்கும் என்று என்னையே நம்பப்பண்ணினேன். நீர் விரதம் என்று சொன்னபோது அந்த நாளை நினைத்துப் பார்த்திருக்கவேண்டியவன் நான் ஒருத்தன்தான். நினைக்கவில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கத்தான் எனக்கு இலேசாக இருந்தது.

போன அன்று வீட்டுக்குள் நண்டுக் கறி மணந்தது. பச்சைச் சேலையும் கட்டியிருந்தீர். நான் போவதைச் சோதிலிங்கம் உமக்கு முதலே சொல்லிவிட்டான், என்னை மறிக்கத்தான் விரதத்தை முடித்துவிட்டீர் என்று நினைத்தேன். அதுதான் குசினிக்குள் வரவில்லை.

இனி எழுதப்போவதைக் கேட்டு என்னை ஏசலாம், ஏசவேண்டும். இங்கே என்னோடு வேலை செய்கிற ஒரு பெண் இருக்கிறா. நல்ல மனிசி. ஓகஸ்ற்றில் அவவுக்குப் பிள்ளை பிறக்கும். யோகாவின் கடிதம் நாலு மாதம் முந்தி வந்திருந்தால் நான் அடுத்த ரயிலில் ஓக்லாந்துக்கு வந்திருப்பேன். இப்போது வர வழி இல்லை.

இதை அம்மாவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவ என் கடிதங்களைப் பிரிப்பதில்லையாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

நவரத்தினம்

சான்ட்ரிங்ஹாம்
10-4-1988

என் அன்புள்ள மாமிக்கு மருமகள் ரதிதேவி வணக்கத்துடன் எழுதுவது,

நான் நல்ல சுகம். நீங்களும் யோகாவும் சுகமாக இருக்கவேண்டும். குசினிக் கூரை போட்டுவிட்டீர்களா? மழைக்கு முதல் போடுங்கள்.

யோகா, இதை நான் வீட்டு முகவரிக்குத்தான் போடுகிறேன். மாமியை முன்னால் இருத்தி, ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டு. ஆனந்தராசா அண்ணை வேலிக்கு மேலால் கேட்டால் கேட்கட்டும். நடுவில் நிற்பாட்டாதே.

மாமி, நான் விரதம் பிடிக்கவில்லை. வெள்ளியும் பிடிக்கவில்லை, சஷ்டியும் பிடிக்கவில்லை, கேதாரகௌரியும் பிடிக்கவில்லை. பட்டினி உண்மை, விரதம் பொய். எனக்குப் பெண் உறுப்பில் புண் இருந்தது. கெட்ட வருத்தம் ஒன்றும் இல்லை, வேலைக்குப் போடுகிற காற்சட்டை உரசி வந்த புண். டொக்டரிடம் போய்ச் சொன்னால் ஆறு கிழமையில் மாறுகிற புண். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, உங்கள் மகனைச் சாமியின் பெயரைச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் அறைக்கு வெளியே வைத்தேன். அவர் ஒருநாளும் என்னை வற்புறுத்தவில்லை, ஒருநாளும் சத்தம் போடவில்லை. அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார். அப்படி நினைக்கப்பண்ணியவள் நான்.

கோயிலில் என்னைப் பற்றி நல்லது சொல்லியிருக்கிறீர்கள். அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு எப்படிச் சரியாகப் படுகிறதோ அப்படிச் சொல்லுங்கள், உள்ளதைச் சொன்னாலும் எனக்குக் குறை இல்லை. அங்கே எத்தனை பிள்ளைகள் இதே மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறார்களோ.

அவருடைய படத்தைத் திரும்பச் சுவரில் கொழுவுங்கள். அவருக்கு எழுதுங்கள், அவர் எழுதினால் பிரித்து வாசியுங்கள். உங்களுக்குச் சொல்ல அவரிடம் ஒன்று இருக்கும். அதை அவரே சொல்லட்டும். அதைக் கேட்டு அவரைத் தள்ளி வைக்கவேண்டாம், நீங்கள் பார்க்க ஆசைப்பட்டதுதான்.

யோகா, நான் உன்னை வெறுக்கவில்லை. ஒரே வாங்கில் இருந்து படித்தோம், ஒரே பிழையை விட்டோம்.

மாமி, எனக்குப் பிள்ளை கிடைக்கவேண்டுமென்று வெள்ளிக்கிழமை நீங்கள் சாப்பிடாமல் இருக்கிறீர்களாம். இனி எனக்காக அது வேண்டாம். இந்த வெள்ளி யோகாவைச் சமைக்கச் சொல்லி, வயிறாரச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளாக இருந்த,
ரதிதேவி